தாளாளரின் அடுக்குமொழி

என் பி.எஸ்சி. பட்டம் எங்கள் வீட்டில் இருந்ததைவிட ராஜாராம் சாரின் பச்சை பீரோவில்தான் அதிக நாள் இருந்தது. எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் அது. சாலவாக்கத்தில் எங்கள் தெருவுக்கே அதுதான் முதல். அம்மா அதை ஒரே ஒரு தரம் கையில் வாங்கி, முந்தானையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தாள். வேலை கிடைத்ததும் பட்டம் பீரோவுக்குள் போய்விட்டது.

ராஜாராம் சார் உத்திரமேரூர் கடைத்தெருவில் ஒரு நர்சரிப் பள்ளிக்குத் தாளாளர். பள்ளியின் பெயரைச் சொல்லி அவருக்கு விளம்பரம் தர எனக்கு இஷ்டமில்லை. அங்கே டீச்சராகச் சேர வேண்டுமானால் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை ஒப்படைத்துவிட வேண்டும். நடு வருஷத்தில் யாரும் வேலையை விட்டு ஓடிவிடக் கூடாதாம். மாட்டுக்கு மூக்கணாங்கயிறு, எங்களுக்கு ஒரிஜினல்.

அவர் இளம் வயதில் மேடைப் பேச்சாளராக இருந்தவர். கட்சிக் கூட்டம், பட்டிமன்றம், காதுகுத்து என்று எங்கே மைக் இருந்தாலும் அங்கே இருப்பாராம். பிறகு கூட்டங்கள் குறைந்துவிட்டன. மைக் பிடித்த கை சும்மா இருக்குமா? பள்ளி வேப்பமரத்தில் கூம்பு ஸ்பீக்கர் ஒன்றைக் கட்டினார். தினமும் காலையில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, அதன்பின் தாளாளர் உரை. உரைக்குப் பொருள் நாங்கள்தான். ஒரு நாளைக்கு ஒரு டீச்சர்.

வெறும் வசவு அவருக்குக் கௌரவக் குறைச்சல். எல்லாம் அடுக்குமொழியில் வர வேண்டும். ஒரு நாள், புருஷன் விட்டுவிட்டுப் போன மிஸ் ஒருவர் வருகைப் பதிவில் தப்பாகக் கூட்டிவிட்டார். “கட்டியவன் கைவிட்டதால் கணக்கும் கைவிட்டதோ?” என்று ராஜாராம் சார் கேட்டார். ஸ்பீக்கர் அதைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டது. அந்த மிஸ் கக்கூசுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மூன்றாம் வாய்ப்பாடு நடத்தினார். குரல் மட்டும் வேறு யாருடையதோ போல இருந்தது.

என் முறை வந்தது. சாலவாக்கம் டவுன் பஸ் வழியில் டயர் பஞ்சராகி நின்றதால் நான் பிரேயர் நடக்கும்போது உள்ளே நுழைந்தேன். அவர் என்னைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

“பட்டம் பெற்று வந்தாலும் பட்டியில் படுத்த பழக்கம் போகுமா? சான்றிதழ் சேர்த்து வைத்தாலும் சாணி வாசம் சாகுமா?”

நான் கோபக்காரி. எங்கள் ஊரில் கண்டக்டரில் இருந்து கர்ணம் வரைக்கும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அன்று வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறந்தால் பீரோ திறக்காது.

என் கெட்ட நேரம், நைனா அன்று யூரியா வாங்கக் கடைத்தெருவுக்கு வந்திருந்தார். மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தபோது தலைக்குமேல் ஸ்பீக்கர் பேசியிருக்கிறது. சாயந்தரம் நான் வீட்டுக்குப் போனபோது மாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். நாளையிலிருந்து வேலைக்குப் போகாதே என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னார். பி.எட். சேர்க்கைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஒரிஜினலைக் காட்டினால்தான் சீட்டு, அது அந்த ஆள் பீரோவில் இருக்கிறது என்றேன். அப்போதுதான் திரும்பினார்.

“உன்னுது தானே அது? கேட்டு வாங்கினு வா.”

நைனாவின் உலகத்தில் அவ்வளவுதான் சட்டம். கேட்டேன். ஆண்டு இறுதியில் தருவதாக ராஜாராம் சார் சொன்னார். சேர்க்கை அந்த மாதமே முடிந்துவிடும் என்றேன். மறுநாள் பிரேயரில், ஏணியே இல்லாமல் எட்டாவது மாடிக்கு ஏற நினைக்கும் எருமைக் கன்றுகளைப் பற்றிப் பேசினார்.

அன்றைக்கே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த பெண் போலீஸ் நல்ல மாதிரி. உட்காரச் சொல்லிவிட்டு, அடித்தாரா, கையைப் பிடித்தாரா, தனியாக ரூமுக்குக் கூப்பிட்டாரா என்று கேட்டார். மூன்றுக்கும் இல்லை என்றேன். அந்த அம்மா உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஸ்பீக்கருக்கு அனுமதி வாங்கியிருக்கிறாரா என்று விசாரிக்கலாம், இல்லாவிட்டால் இன்றைக்கே கழற்றிவிடலாம் என்றார். கழற்றினால் அவர் வகுப்புக்குள் வைத்துத் திட்டுவார், ஸ்பீக்கர் மேல் எனக்குக் கோபம் இல்லை என்றேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, கோர்ட் வளாகத்தில் இலவசச் சட்ட உதவி இருக்கிறது, பொம்பளைகளுக்கு வக்கீல் பீஸ் கிடையாது, போய்ப் பார் என்று வழி சொன்னார்.

வக்கீல் அருள்தாஸ் வாழைக்காய் பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டே என் கதையைக் கேட்டார். எருமைக் கன்று வந்த இடத்தில் மட்டும் மெல்லுவதை நிறுத்தினார்.

“மனச ஒடைக்கிறதுக்குன்னு தனியா ஒரு செக்ஷன் நம்ம கைல இல்லம்மா. பக்கத்துல கீறத எடுத்துதான் தெச்சுக்கணும்” என்றார்.

பொது இடத்தில் ஒருவரைக் கேவலமாகப் பேசுவதற்குச் சட்டம் இருக்கிறது. அடுத்தவர் சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு மிரட்ட எந்த நிர்வாகத்துக்கும் உரிமை இல்லை. இரண்டையும் சேர்த்து மனு எழுதி மக்கள் நீதிமன்றத்துக்குக் கூப்பிடலாம். அங்கே இரண்டு தரப்பையும் உட்கார வைத்து ராஜி பேசுவார்கள். ராஜியாகாவிட்டால் வழக்கு. இதையெல்லாம் விளக்கிவிட்டு, அவர் பேசியதைக் கேட்ட ஒரு ஆளையாவது கூட்டிக்கொண்டு வா என்றார்.

ஒரு ஆளா? ஊரே கேட்டது. சந்தோஷமாகக் கிளம்பினேன். கடைத்தெருவின் லட்சணம் அன்றைக்குத்தான் தெரிந்தது. உரக்கடைக்காரருக்குக் காலையில் மட்டும் காது மந்தமாம். டீக்கடையில் அந்த நேரத்தில் ரேடியோ சத்தமாக ஓடுமாம். எங்கள் மிஸ்ஸுகளைக் கேட்கவே வேண்டாம், எல்லோருடைய ஒரிஜினலும் அதே பீரோவில். கடைசியில் பள்ளிக்கு நேர் எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் ரஹமத்துல்லா பாயிடம் போனேன். கூம்பின் வாய் அவருடைய கல்லாவைப் பார்த்துத்தான் இருக்கும். அவர் மகள் ஷாஹிஸ்தா எங்கள் பள்ளியில் யு.கே.ஜி.

அவர் எழுந்து நின்று ஸ்டூல் போட்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, தான் வியாபாரம் செய்கிறவன், பெண் பிள்ளை அங்கே படிக்கிறது, நமக்கு எதற்கு இந்தப் பேஜார் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நான் படி இறங்கும்போது பின்னாலேயே வந்து பேரீச்சம்பழப் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். சாட்சி கேட்டுப் போனவளுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பிய ஊர் இது. கோபத்தில் பஸ்ஸிலேயே முழுப் பொட்டலத்தையும் தின்று தீர்த்தேன்.

அடுத்த வாரம் பாயின் தங்கை ஷிபானாவைப் பெண் பார்க்க வந்தவாசியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அன்று நடந்ததைப் பாயின் மனைவி உம்முல் குல்சும் பிறகு என்னிடம் சொல்லும்போது பாதியில் சிரித்தார், பாதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லோரும் வந்து உட்கார்ந்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வேறு பஸ்ஸில் வந்ததால் தாமதம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலெடுத்து வைக்கிறார், ஷாஹிஸ்தா அரிசி மூட்டை மேல் ஏறி நிற்கிறாள், கையில் குழம்புக் கரண்டி. அதை மைக்காகப் பிடித்துத் தொண்டையைச் செருமிக்கொண்டாளாம்.

“பட்டம் பெற்று வந்தாலும் பட்டியில் படுத்த பழக்கம் போகுமா?”

ஒரு எழுத்து பிசகவில்லை. சாணி வாசம் வரைக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் கரண்டியைக் கீழே இறக்கியிருக்கிறாள். மாப்பிள்ளையின் அம்மா நின்ற இடத்திலேயே, இந்தக் குழந்தை எந்த ஸ்கூலில் படிக்கிறது என்று மட்டும் கேட்டாராம்.

அப்புறம்தான் உம்முல் குல்சும் அக்கம்பக்கத்தில் விசாரித்திருக்கிறார். எல்லா வீட்டிலும் இதே கதை. தெருவில் பிள்ளைகள் பள்ளிக்கூட விளையாட்டு விளையாடினால் யாரும் டீச்சராக வருவதில்லை. எல்லோருக்கும் ராஜாராம் சார் வேடம்தான் வேண்டும், அடிதடியே நடக்கிறதாம். டீச்சர் வேடம் தலையணைக்கு.

மறுநாள் ரஹமத்துல்லா பாய் மொபெட்டில் சாலவாக்கத்துக்கே வந்துவிட்டார். அம்மா கொடுத்த மோரைக் குடித்தார். சம்பந்தம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“அது நல்லபடியா கீது டீச்சரம்மா. அந்தம்மா சிரிச்சிட்டாங்க. எனக்குத்தான் சிரிப்பு வரல. எம் பொண்ணு நாக்குல அந்தாளு குந்திக்கினு கீறாரு. எறக்கி வுடணும். நான் வரேன்.”

மக்கள் நீதிமன்றம் ஒரு சனிக்கிழமை கூடியது. பி.எட். சேர்க்கைக்கு அடுத்த வாரம்தான் கடைசி. நைனா துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். எங்களைக் கூப்பிடுவதற்கு முன்னால் ராஜாராம் சார் அருள்தாஸிடம் ஒரு சேதி சொல்லி அனுப்பினார். என் ஒரிஜினல் அவருடைய காரிலேயே இருக்கிறதாம். மனுவை வாபஸ் வாங்கினால் இப்போதே தந்துவிடுவாராம். வக்கீல் என்ற முறையில் இதைச் சொல்ல வேண்டியது கடமை, சீட்டு முக்கியம், யோசித்துக்கொள் என்றார் அருள்தாஸ்.

யோசித்தேன். கையை நீட்டினால் பட்டம். பின்னால் திரும்பிப் பார்த்தேன், எங்கள் மிஸ்ஸுகள் ஒருத்தரும் வரவில்லை. சனிக்கிழமையும் அவருக்குப் பள்ளிக்கூடம் உண்டு. இந்நேரம் பிரேயரில் நிற்பார்கள். நான் வாங்கிக்கொண்டு போய்விட்டால் திங்கட்கிழமை உரை யாரைப் பற்றி இருக்கும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் வாய்ப்பாடு நடத்திய அந்தக் குரல் காதுக்குள் வந்து, சுருக்கென்று ஆத்திரம் ஏறிவிட்டது.

“பீரோவுல கீற எல்லாம் வெளிய வரணும் சார். என்னுது மட்டும்னா வாணாம்.”

நைனா என்னைப் பார்த்தார். வேட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டிக்கொண்டார்.

உள்ளே நீண்ட மேஜை. நடுவில் நீதிபதி, இரு பக்கமும் ஒரு வயதான வக்கீலும் ஒரு சமூக சேவகி அம்மாளும். ராஜாராம் சார் கும்பிட்ட கும்பிடே ஒரு நிமிஷம் நீடித்தது. டீச்சர்கள் எல்லோரும் தன் பெண்கள் மாதிரி என்றார். தகப்பன் கண்டித்தால் மகள் கோர்ட்டுக்குப் போவாளா என்று கேட்டார். நீதிபதி என்னைப் பார்த்தார்.

“எங்க நைனா இங்கதான் சார் கீறாரு. அவர் திட்டினா நான் திருப்பித் திட்டுவேன். இவரத் திருப்பித் திட்டினா எம் பட்டம் திரும்பி வராது. அதான் வித்தியாசம்.”

“ஆமாங்கய்யா, திட்டுவா” என்றார் நைனா பின்னாலிருந்து, கேட்காமலே. “சோறு போட்டுக்கினே திட்டுவா.”

சமூக சேவகி அம்மாள் குனிந்து பேனாவைத் தேடினார். பேனா மேஜை மேலேதான் இருந்தது.

அப்படியெல்லாம் கேவலமாக எதுவும் பேசவில்லை, பொதுவாக ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேசினேன் என்று ராஜாராம் சார் சாதித்தார். அருள்தாஸ் ரஹமத்துல்லா பாயைக் கூப்பிட்டார். பாய் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். என்ன கேட்டீர்கள் என்று நீதிபதி கேட்டதும் அவருக்கு வியர்த்துவிட்டது. மரியாதையான மனுஷன். கடனுக்கு வாங்கி ஏமாற்றியவனைக்கூட ‘வாங்க’ என்றுதான் கூப்பிடுவார். அந்த வார்த்தைகள் அவர் வாயில் எப்படி வரும்?

“நீங்க படிச்சிருந்தாலும்... மாட்டுக் கொட்டாய்ல தூங்கின பழக்கத்த வுட மாட்டீங்க, அப்டின்னு சொன்னாரு சார். அப்புறம்... சர்டிபிகேட் இருந்தாலும் உங்க மேல கொஞ்சம் வாசன வருதுங்க, அப்டின்னு” என்றார். பிறகு மனசாட்சி உறுத்தி, “‘ங்க’ அவர் போடல சார். நான்தான் போட்டுக்கினேன்” என்றார்.

நான் ராஜாராம் சாரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் சொல்லச் சொல்ல அவர் முகம், நல்ல பாட்டைத் தப்பாகப் பாடுவதைக் கேட்கும் வாத்தியார் முகம் மாதிரி ஆகிக்கொண்டே வந்தது. ‘மாட்டுக் கொட்டாய்’ வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். ‘கொஞ்சம் வாசன வருதுங்க’ வந்ததும் தாங்கவில்லை, எழுந்துவிட்டார்.

“ஐயா, அப்படிச் சொல்வேனா நான்? எதுகை எங்கே, மோனை எங்கே?”

“பின்னே எப்படிச் சொன்னீங்க?” என்றார் நீதிபதி, ரொம்பச் சாதாரணமாக.

ராஜாராம் சார் ஒரு அடி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். வலது கை தானாக மேலே போயிற்று. “பட்டம் பெற்று வந்தாலும்...” என்று ஆரம்பித்துச் சாணி வாசம் வரைக்கும் முழு ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தார். மைக் இல்லாமலே அடுத்த கட்டடத்துக்குக் கேட்டிருக்கும். முடித்த பிறகு கைதட்டலுக்காக ஒரு கணம் நிறுத்தவும் செய்தார்.

கைதட்டல் வரவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் பேனா ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

“யாரைப் பத்திச் சொன்னீங்க?” என்று கேட்டார் சமூக சேவகி அம்மாள்.

மேலே இருந்த கை கீழே வந்தது. அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரிந்திருக்காது. நைனா பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

நீதிபதி அதட்டவில்லை. பேச்சுத் திறமை கடவுள் கொடுத்தது, அதை வைத்துச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களின் வாயை அடைப்பது அதிகாரத்தைக் கெட்ட வழியில் பயன்படுத்துவது என்றார். அடிபட்டால் காயம் காட்டலாம், இதற்குக் காட்ட முடியாது, அதனால் காயமே இல்லை என்று ஆகிவிடாது என்றார். இங்கே ராஜியாகலாம், இல்லாவிட்டால் இந்தப் பெண் வழக்குப் போடுவாள், பாய் அங்கேயும் வருவார் என்றார். பாய் வேகமாகத் தலையாட்டினார்.

எல்லோருடைய ஒரிஜினலையும் திருப்பித் தர வேண்டும், இனி யாரிடமும் வாங்கக் கூடாது என்பதற்கு ராஜாராம் சார் உடனே சரி என்றார். மன்னிப்பில்தான் மாட்டிக்கொண்டது. ஆபீஸ் ரூமில் வைத்து நேரில் கேட்பதாகச் சொன்னார். நான் முடியாது என்றேன். திட்டியது ஸ்பீக்கரில், மன்னிப்பு மட்டும் கிசுகிசுவிலா? பிள்ளைகள் முன்னால் எப்படி என்று அவர் இழுத்தார். பிள்ளைகள் முன்னால்தானே திட்டினீர்கள் என்று நீதிபதி கேட்டதும் கையெழுத்துப் போட்டார்.

திங்கட்கிழமை பிரேயருக்கு அருள்தாஸும் வந்திருந்தார். கடைத்தெருவில் அன்று யாருக்கும் காது மந்தமில்லை, டீக்கடை ரேடியோவும் வாயை மூடிக்கொண்டிருந்தது. உறுதிமொழி முடிந்தது. ஒருவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் வரி வரியாகத் திருப்பிச் சொல்வதுதான் எங்கள் பள்ளி வழக்கம். ராஜாராம் சார் மைக்கைப் பிடித்தார். “ஆசிரியப் பெருமக்களின் அகம் நோக அடியேன்...” என்று ஆரம்பித்தார். எழுதிக் கொடுத்ததை மட்டும் சொல்லுங்கள் சார் என்றார் அருள்தாஸ். அவர் பெருமூச்சு விட்டார்.

“டீச்சர்களை நான் மைக்கில் கேவலமாகப் பேசினேன்.”

உறுதிமொழிதான் இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார்கள் போல. யு.கே.ஜி. பிள்ளைகள் அத்தனை பேரும் கையை நீட்டியபடியே, “டீச்சர்களை நான் மைக்கில் கேவலமாகப் பேசினேன்” என்றார்கள்.

அவர் நிறுத்தினார். அவர்களும் நிறுத்தினார்கள்.

“அது தவறு” என்றார்.

இந்தத் தடவை மொத்தப் பள்ளியும் சொன்னது. எதிரே கடை வாசலில் நின்று உம்முல் குல்சும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். பிள்ளைகளை அடக்க வேண்டிய பொறுப்பு அன்று மூன்றாம் வாய்ப்பாடு மிஸ்ஸுக்கு. அவர் வேப்பமரத்தில் காக்கா எத்தனை இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். “இனிமேல் பேச மாட்டேன்” வரைக்கும் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு பீரோ திறந்தது. எல்லோரும் வரிசையில் நின்று வாங்கினோம். ஒரு மிஸ் அந்த இடத்திலேயே ராஜினாமா சொல்லிவிட்டுப் போனார். மூன்றாம் வாய்ப்பாடு மிஸ் போகவில்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று ஆனபிறகு இருந்து பார்க்கலாம் போல இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். குரல் அவருடையதாகவே இருந்தது.

மறுநாள் நைனாவும் நானும் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பி.எட். கல்லூரிக்குப் போனோம். ஒரிஜினலை நைனாதான் மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சீட்டு உறுதியானது. கிளார்க் எல்லாவற்றையும் சரிபார்த்து ஒரு கட்டாகக் கட்டி, மேஜை இழுப்பறையைத் திறந்து உள்ளே வைத்தார். படிப்பு முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள், இங்கே அதுதான் வழக்கம் என்றார்.

எனக்குத் தலைக்கு ஏறியது. எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் நைனா என் தோளைத் தொட்டு ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரொம்பத் தாழ்மையாகச் சொன்னார்.

“சார், பாத்துட்டுக் கைல குடுத்துருங்க சார். சொர்ணவாரி நெல்லு அறுப்பு நேரம். இன்னொரு தபா கோர்ட்டுக்கு அலைய எனக்கு நேரமில்ல.”

கிளார்க் அவரைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியாது. கட்டை இழுப்பறையிலிருந்து எடுத்து மேஜை மேல் வைத்து, ஜெராக்ஸ் இருந்தால் போதும் என்றார்.

நைனா அதற்குள் கட்டை மஞ்சள் பைக்குள் போட்டுக்கொண்டு ஜெராக்ஸ் கடையைத் தேடிக் கிளம்பிவிட்டார். நான் பின்னால் ஓடினேன்.